மாப்பிள்ளை மண் தேடிய நாட்கள்

தையலம்மா கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பவள். மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் அவளுக்கு வேலை. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளி அங்கி, பொத்தான் போன டாக்டர் கோட்டு எல்லாம் தள்ளுவண்டியில் மலையாகக் குவிந்து அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துக் கிழிசலைத் தேடுவாள். பழைய விரிப்புகளில் ஊசிமுனை ஓட்டைகள் வழியாக வெளிச்சம் சிதறும். பட்டப்பகலில் வானம் நட்சத்திரம் பூத்த மாதிரி இருக்கும். அப்படியே நின்றுவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் துணியைச் சுழற்றும் சத்தம், அடுத்த அறையில் ஒரு கடல் குடியிருப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் விறைப்பான மனிதர். சட்டைக் காலரும் விறைப்பு, அதற்கு மேலே இருக்கும் கழுத்தும் விறைப்பு. அதனால் எல்லாரும் அவருக்குக் ‘கஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கதவருகே வந்து நின்று கேட்பார்: "தையலம்மா, இங்கதான் இருக்கீங்களா, இல்ல வெளியூர் போயிருக்கீங்களா?"

"இதோ வந்துட்டேன் சார்" என்பாள், உண்மையிலேயே எங்கிருந்தோ வந்து இறங்கியவளைப்போல.

வீட்டில் அவளும் அக்காவும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு குறுகலான பால்கனி. தையலம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "நேரம் போனதே தெரியல" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை. அக்காவின் கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். பெண் வீட்டிலேயே வந்து தங்கிவிட்ட மருமகன். அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே கேலி செய்துகொள்வார். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு காலணிப் பெட்டியோடு வந்தார். கடைசி இருக்கையில் யாரோ விட்டுப்போனதாம். பணிமனையில் பல நாள் வைத்திருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆமை. ஓட்டின் மேல் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டங்கள். தலையை நீட்டி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை’ என்பதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டது.

"உட்கார்ந்த இடத்துல சாப்பாடு, ஒரு வேலையும் கிடையாது, யாரையும் மதிக்கறதும் இல்ல" என்றார் அத்தான். "இனிமே இந்த வீட்டுல நான் தனி ஆள் இல்ல. இன்னொரு வீட்டோட மாப்பிள்ளை வந்தாச்சு."

அன்றிலிருந்து அதன் பெயர் மாப்பிள்ளை.

அக்காவுக்கு அதைப் பிடிக்காது, அல்லது பிடிக்காததுபோல் நடந்துகொள்வாள். பெருக்கும்போது காலால் லேசாக ஓரம் தள்ளி, "வழியை விடுங்க மாப்பிள்ளை" என்பாள். ஆமை வளர்ந்தது. சாப்பாட்டுத் தட்டளவு ஆயிற்று. போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்தான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா வெளியே போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். பேருந்தில் ஏறுவதே இல்லை. தெருவில் விசில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். காய்கறி வாங்குவதுகூடத் தங்கையின் பொறுப்பாயிற்று. மாப்பிள்ளைக்கு இலை நறுக்கிப் போடுவது மட்டும் அக்கா கை வேலை. அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

குளிர் விலகத் தொடங்கிய ஒரு வாரத்தில்தான் அது ஆரம்பித்தது. வருஷக்கணக்காகச் சோபாவுக்கு அடியில் தியானத்தில் இருந்த மாப்பிள்ளை திடீரென்று நடக்க ஆரம்பித்தது. காலையில் பால்கனி, மதியம் சமையலறை, சாயங்காலம் மறுபடி பால்கனி. தரைக் கற்களின்மேல் அதன் நகங்கள் ‘டிக் டிக்’ என்று பட, சுவர்க் கடிகாரமே இறங்கி வந்து வீட்டில் உலாவுவதுபோல் இருந்தது. ஏதாவது ஒரு மூலைக்குப் போகும். திரும்பி நின்று, பின்னங்காலால் தரையை வறட்டு வறட்டென்று கீறும். ஒரு கால், பிறகு மறு கால். மழமழவென்ற தரை என்ன செய்யும்? பிறகு அடுத்த மூலை.

தையலம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களின் நடை அது. மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அந்த நடையை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

பிறகு சாப்பாடு நின்றது. அக்கா நறுக்கி வைத்த கீரை வதங்கிக் கறுத்தது. வெள்ளரியைச் சீவி மூக்குக்கு நேரே நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டது. நடையும் குறைந்து, ஒருநாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு பாதி வழியில் படுத்துவிட்டது.

"அதுக்கும் காலம் வந்துடுச்சு போல" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் தையலம்மா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆமையைத் துணிக்கூடையில் வைத்து, தெருமுனையில் இருந்த பிராணி மருத்துவரிடம் போனாள். இளைஞர். மேசைமேல் ஒரு பூனை அவரையும் கடித்து, அதன் சொந்தக்காரரையும் கடித்துவிட்டுச் சாந்தமாக உட்கார்ந்திருந்தது. அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நாய், பூனை, முயல் வரைக்கும் நமக்குக் கை வரும். ஆமைக்கு எங்க ஊசி போடறதுன்னே எனக்குச் சரியாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டு ஏதாவது பண்ணிட்டா பாவம்."

கால்நடை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "மாடு இருந்தா கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அவளிடம் மாடு இல்லை. மீன் தொட்டி விற்கும் கடைக்காரர் நீல நிறத்தில் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். எதற்கு என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும்" என்றார். எல்லாவற்றுக்கும் ஆகிற மருந்து எதற்கும் ஆகாது என்பது மருத்துவமனையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தெரியும். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆமையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. மடியில் இருப்பது கல்லா, உயிரா என்று புரியாத கனம். ஓட்டின்மேல் விரலை வைத்தபடி இருந்ததில், தானே மெல்ல மெல்ல ஓட்டுக்குள் போவதுபோல் இருந்தது. உள்ளே இருட்டு, வெதுவெதுப்பு, எங்கோ தூரத்தில் மணல் சரியும் சத்தம்.

தொலைபேசி மணி அவளை வெளியே இழுத்தது. தெருமுனை மருத்துவர்தான்.

"அம்மா, உங்களை அனுப்பிட்டேனே தவிர மனசு கேட்கல. என்கூடப் படிச்சவங்க ஒருத்தங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. பாம்பு, பல்லி, ஆமை, ஆந்தை, யாரும் தொடாததை எல்லாம் அவங்கதான் தொடுவாங்க. பேசி வெச்சிருக்கேன். காலைல போங்க. கூடையில ஒரு வெந்நீர்ப் பாட்டில் வையுங்க, குளிர்ல விறைச்சுடப் போகுது."

காலையில் தையலம்மா கிளம்பும்போது அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் செருப்பில் தூசி படிந்திருந்தது.

"நீ எங்கக்கா?"

"நீ பஸ்ல ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கனவுல இறங்க வேண்டிய இடத்தை விட்டுடுவே. யார் கூடையைப் பிடிக்கறது?"

"பஸ்ல ஏறுவியா?"

"வாயை மூடிட்டு நடடி."

பனிமூட்டம். பேருந்து பாலத்தில் ஏறியபோது ஆறும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. வெள்ளைப் பஞ்சுக்குள் ஓசையில்லாமல் மிதந்துபோவதுபோல் இருந்தது. நடத்துநர் விசில் அடித்தபோது அக்காவின் கை கூடைப்பிடியை இறுக்கியது. தையலம்மா அந்தக் கைமேல் தன் கையை வைத்தாள். நடத்துநர் அருகில் வந்து, துண்டு போர்த்திய கூடையைப் பார்த்தார்.

"உள்ளே என்னம்மா?"

அக்காதான் பதில் சொன்னாள். "எங்க வீட்டு மாப்பிள்ளை. உடம்பு சரியில்ல."

அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மெதுவாக வந்தது. "மாப்பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்மா. மாமியார் மட்டும் எடுத்தா போதும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தையலம்மா குனிந்து பார்த்தாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

மருத்துவரின் வீட்டு முன்னறைதான் காத்திருக்கும் இடம். ஒரு மூலையில் இறக்கையில் கட்டுப் போட்ட ஆந்தை, எல்லாரும் ஏதோ குற்றம் செய்தவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெரியவர் மடியில் முடிச்சுப் போட்ட தலையணை உறை. அது தானாக நெளிந்தது. தையலம்மா உறையின் ஓரத் தையலைப் பார்த்து, ‘இரட்டைத் தையல் போட்டிருக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டாள். அக்கா இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேச்சு ரகசியம் சொல்வதுபோல் மெதுவாக இருந்தது. ஆமையை உயர்த்தி, வாலைப் பார்த்தார். வயிற்றுப்பக்கத்தைத் தடவினார். பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் விரலை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ தேடினார்.

"இவர் பேர் என்ன?"

"மாப்பிள்ளை" என்றார்கள் இருவரும்.

"ஓ" என்றார். பிறகு ஆமையை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்.

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகைமேல் மாட்டியபோது அறை இருட்டாக இருந்தது. சாம்பல் நிற ஓட்டுக்குள், முதுகெலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஐந்து வட்டங்கள். மூடுபனிக்குள் ஒரே நேரத்தில் ஐந்து நிலா எழுந்ததுபோல்.

"கட்டியா டாக்டர்?" என்றாள் அக்கா.

"முட்டைம்மா. உங்க மாப்பிள்ளை பொண்ணு."

தையலம்மா வட்டங்களை விரலால் எண்ணினாள். பிறகு அக்கா கேட்டாள்: "இது தனியாத்தானே இருக்கு? வீட்டுல வேற யாருமே இல்லையே?" அவள் கேட்ட தோரணை, குடும்ப மானத்துக்கு ஏதோ வந்துவிட்டதுபோல் இருந்தது.

மருத்துவர் சிரித்துவிட்டார். "கோழி சேவல் இல்லாமயும் முட்டை போடும் இல்லையா, அப்படித்தான். குஞ்சு எதுவும் வராது. ஆனா முட்டை வெளியே வந்தாகணும். இவ மண்ணைத் தோண்டித்தான் முட்டை வைப்பா. உங்க வீட்டுல மண் எங்க இருக்கு? மூலை மூலையாத் தேடியிருக்கா, கிடைக்கல. அடக்கிக்கிட்டே இருந்திருக்கா."

சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு ஊசி போட்டார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்னார். ஆழமான, ஈரப்பதமுள்ள, சூடான மண் வேண்டும் என்றார். ஆமைக்குப் பலம் கொஞ்சம் கூடியதும் இன்னொரு ஊசி. அதற்கும் வராவிட்டால் ஓட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அது அவ்வளவு சுலபமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் வழியில், அதே பாலத்தில், அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "அந்த மனுஷன் இருந்திருந்தா ஊரையே கூட்டிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு." அவர் போனபிறகு அவரைப் பற்றி அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து மணல் கேட்டு வாங்கி, குளியல் தொட்டியில் கொட்டினார்கள். ஆமை அதில் இறங்கி, நாலு தடவை கீறிப் பார்த்துவிட்டு, தொட்டியின் அடி தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டது. மேலே விளக்கைத் தொங்கவிட்டார்கள். மணலின் மேல்பக்கம் சுட்டது, அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. சில நாளில் மருத்துவர் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டார். "நாளைக்குள்ள பார்ப்போம்" என்று அவர் சொன்ன விதத்தில் நாளைக்கு மறுநாளைப் பற்றிய பயம் இருந்தது.

காலையில் தையலம்மா வேலைக்குப் போனாள். ஒரு விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அவளுடைய அறை அடித்தளத்தில் இருந்ததால் ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கும். புல்லின் வேர்ப்பக்கமும் போகிறவர்களின் பாதங்களும்தான் தெரியும். துணியின் ஓட்டைகளுக்கு அப்பால் பச்சையாக ஏதோ ஆடியது. விரிப்பைத் தாழ்த்தினாள். பின்பக்க முற்றத்தில், துணி காயும் கொடிகளுக்கு அடியில், ஒரு நீளப் பட்டை மட்டும் பனி படியாமல் கறுப்பாக, ஆவி பறக்கக் கிடந்தது. கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாய் அதற்குக் கீழேதான் போகிறது. எத்தனையோ குளிர்காலமாக அவள் பார்த்துக்கொண்டு நின்ற மண்தான் அது.

ஊசியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். "அக்கா, கூடையை எடுத்துட்டு உடனே வா. ஆஸ்பத்திரி பின்பக்கக் கேட்டுக்கு."

அக்கா தனியாகப் பேருந்தில் வந்தாள்.

மண்ணில் இறக்கிவிட்டதும் ஆமை அசையவில்லை. தலையை நீட்டி, மூக்கைத் தரையில் வைத்தது. கழுத்து மடிப்புகள் மெல்ல ஏறி இறங்கின. பிறகு நடந்தது. ஒரு கொடியின் கீழிருந்து அடுத்த கொடிக்கு, ஈர விரிப்புகளின் நிழல்களைக் கடந்து. வெயில் வந்துவிட்டது. நாலு பக்கமும் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பித் தணிந்தன. உள்ளே நின்றவர்களுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. ஆமை ஓரிடத்தில் நின்று, திரும்பி, ஒரு பின்னங்காலால் மண்ணை அள்ளி ஓரமாக வைத்தது. தூக்கி எறியவில்லை. கையால் வைப்பதுபோல் வைத்தது. பிறகு மறு கால்.

அக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் மூச்சுவிடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்போது இரண்டு விரிப்புகளை விலக்கிக்கொண்டு கஞ்சி வந்து நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

அக்காவுக்கு அவர் யாரென்று தெரியாது. உதட்டின்மேல் விரலை வைத்து, "ஷ்ஷ், பிரசவம்" என்றாள்.

"பிரசவ வார்டு ரெண்டாவது மாடிம்மா" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டு, கீழே பார்த்தார். அந்தக் கழுத்து வளையும் என்று தையலம்மா நினைத்ததே இல்லை. வளைந்தது. மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கால்சட்டையின் இஸ்திரி மடிப்பு மண்ணில் பட்டது. குழி ஆழமாகிக்கொண்டே போனது. உள்ளிருந்து ஆவி லேசாகக் கிளம்பியது. பிறகு ஆமை அசைவற்று நின்று, கழுத்தை நீட்டி, உள்ளே இழுத்தது. குழிக்குள் ஒரு வெள்ளை உருண்டை சத்தமில்லாமல் விழுந்தது.

சலவைக்கூடத்திலிருந்து யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கஞ்சி எழுந்து ஓடினார். "இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது! துணி காஞ்சா காயட்டும்!" என்று அவர் அடக்கிய குரலில் அதட்டுவது விரிப்புகளுக்கு அப்பால் கேட்டது.

நான்கு முட்டைகள் வந்தன. ஆமை பின்னங்கால்களாலேயே மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அழுத்தி, அங்கே எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல் ஆக்கிவிட்டது. ஐந்தாவது வரவில்லை. தையலம்மா மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "விடுங்க, அவ களைச்சிருப்பா. வெந்நீர்ல உட்கார வையுங்க" என்றார். அன்று இரவு இரண்டு சகோதரிகளும் கோயில் வாசலில் நிற்பதுபோல் குளியல் அறையில் நின்றார்கள். மறுநாள் விடியலில், ஆமையை உட்கார வைத்திருந்த பாத்திரத்துத் தண்ணீரில் ஐந்தாவது முட்டை கிடந்தது, ஓரத்தில் லேசான விரிசலோடு. ஆமை கண்ணைத் திறந்து, அக்கா நீட்டிய கீரையை ‘சரக்’ என்று கடித்தது. அவள் விரலையும் சேர்த்துத்தான்.

"ஐயோ, விடுடி!" என்று அக்கா கத்தினாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான அலறல் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை.

பெயரை மாற்றுவதா என்று பேச்சு வந்தது. "அவர் வெச்ச பேரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அக்கா முடித்துவிட்டாள். மருத்துவர் பரிசோதனை முடித்து எல்லாம் சரி என்றார். வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வரலாம், மண் தயாராக இருக்கட்டும் என்றார்.

மண் அங்கேயேதான் இருந்தது. அக்கா வாரத்தில் இரண்டு மூன்று மதியங்கள் கூடையோடு பின்பக்கக் கேட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்க அவளுக்கு வராது. கொடியிலிருந்து காய்ந்த விரிப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். கஞ்சி ஒருநாள் மறு முனையைப் பிடித்துக்கொண்டு, "மூலைக்கு மூலை சேரணும்மா" என்றார். "எனக்குத் தெரியும், நீங்க பிடிங்க" என்றாள் அக்கா. அவர் பிடித்தார்.

தையலம்மா அடித்தளத்து அறையில் இருந்து பார்த்தாள். வெள்ளைத் துணிகளுக்கு நடுவே இரண்டு ஜோடிக் கால்கள் ஒன்றையொன்று நெருங்கின, விலகின, மறுபடி நெருங்கின. கொஞ்சம் தள்ளி, வெதுவெதுப்பான மண்ணில் கன்னத்தை வைத்து ஆமை தூங்கிக்கொண்டிருந்தது. காற்று வந்தது. எல்லா விரிப்புகளும் ஒன்றாக எழுந்தன. அவள் இயந்திரத்தின் மிதியில் காலை வைத்தாள். தைக்க மறந்துவிட்டாள்.